சேம்பருக்குள் காதைக் காப்பது எப்படி? வலிக்கும் முன்பே தொடங்குங்கள்

ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் சிகிச்சை என்றால், காற்றழுத்தம் கூட்டிய மூடிய அறைக்குள் (இதுதான் சேம்பர்) தூய ஆக்சிஜனைச் சுவாசிப்பது. இதற்கு முதல்முறை போகிறவர்கள் அந்த மூடிய அறையை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் தொல்லை கொடுப்பது காது. இந்தச் சிகிச்சையில் அதிகம் வரும் பக்கவிளைவே நடுச்செவியின் அழுத்தக் காயம்தான்.

சேம்பரில் அழுத்தம் ஏற ஏற செவிப்பறை உள்நோக்கித் தள்ளப்படும். மூக்கின் பின்பகுதியிலிருந்து நடுச்செவிக்குப் போகும் யூஸ்டேஷியன் குழாய் திறந்து காற்றை உள்ளே விட்டால் இரு பக்கமும் சமமாகிவிடும். ஆனால் வித்தியாசம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரச அளவை எட்டினால் குழாய் இறுக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எத்தனை முறை விழுங்கினாலும் திறக்காது. கடலில் ஒன்றேகால் மீட்டர் ஆழம் இறங்கினாலே இந்த வித்தியாசம் வந்துவிடும். சிகிச்சையிலோ வழக்கமாக 2 முதல் 2.5 வளிமண்டல அழுத்தம் வரை ஏற்றுகிறார்கள்.

முதலில், வீட்டிலேயே பழகுங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சிலை விழுங்குங்கள். இது டாயின்பீ முறை. காதில் லேசாக 'டப்' என்று கேட்டால் சரி. வாயை மூடி, மூக்கைப் பிடித்து, மெதுவாக மூச்சை வெளியே தள்ளுவது வால்சால்வா முறை. மெதுவாக என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். முக்கித் தள்ளினால் உட்செவிக்கே ஆபத்து.

சளி, மூக்கடைப்பு இருந்தால் அன்று காலையிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு நாள் தள்ளிப்போடுவது பெரிய விஷயமில்லை. காதில் பஞ்சு, அடைப்பான், எண்ணெய் எதுவும் வேண்டாம். ஆக்சிஜன் நிறைந்த இடத்தில் எண்ணெய் தீ ஆபத்தும்கூட.

கதவு மூடி அழுத்தம் ஏறத் தொடங்கியதுமே, காதில் ஒன்றும் தெரியாதபோதே, விழுங்க ஆரம்பியுங்கள். சில நொடிகளுக்கு ஒருமுறை செய்துகொண்டே இருங்கள். காது அடைத்தால் உடனே சைகை காட்டுங்கள். ஏற்றத்தை நிறுத்தி, சற்றுக் குறைத்து, நீங்கள் சரிசெய்தபின் தொடர்வார்கள். கூச்சப்பட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்கள்தான் காயத்தோடு வெளியே வருகிறார்கள்.

அழுத்தம் இறங்கும்போது வால்சால்வா வேண்டாம், மூச்சையும் அடக்காதீர்கள். சாதாரணமாக மூச்சுவிட்டால் போதும், காற்று தானாக வெளியேறும்.

சில மணி நேரம் கழித்தோ மறுநாள் காலையிலோ காது அடைத்தது போல் இருக்கலாம். நடுச்செவியில் தங்கிய ஆக்சிஜனைத் திசுக்கள் உறிஞ்சிக்கொள்வதால் வருவது அது. சில தடவை விழுங்கினால் போகும். ரத்தக்கசிவு, தலைசுற்றல், கேட்கும் திறன் குறைவது ஆகியவை வேறு விஷயம். அடுத்த அமர்வுக்கு முன் காதைப் பரிசோதித்தே ஆகவேண்டும். எப்படியும் சமன் செய்ய வராதவர்களுக்குச் செவிப்பறையில் சிறு குழாய் பொருத்துவார்கள்.