காய்ச்சலில் படுத்த பெரியவர்களின் வாயையும் ஈறையும் பார்த்துக்கொள்வது எப்படி

வீட்டில் பெரியவர்களுக்கு வைரல் காய்ச்சல் வந்தால் மாத்திரை, கஞ்சி, ரத்தப் பரிசோதனை எல்லாம் வேளாவேளைக்கு நடக்கும். பல் தேய்ப்பது மட்டும் நின்றுபோகும். "எழுந்து உட்காரவே முடியல, இப்ப பல்லு விளக்குறதுதான் குறைச்சலா" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். பார்த்துக்கொள்கிறவர்களும் சரி, காய்ச்சல் விடட்டும் என்று இருந்துவிடுவார்கள். கும்பகோணம் பக்கம் வீடுகளுக்குப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் நான். காய்ச்சல் விட்ட பிறகு "சோறு மெல்ல முடியல, ஈறெல்லாம் வலிக்குது, பல்லு ஆடுது" என்று எத்தனையோ வீடுகளிலிருந்து கூப்பிடுகிறார்கள். காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே வாயையும் மாத்திரை வேளையோடு சேர்த்துக் கவனித்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

பல் தேய்த்த சில மணி நேரத்திலேயே கிருமிப் படலம் மறுபடி படிய ஆரம்பிக்கும். 1965-இல் ஹரால்ட் லோ என்பவரும் அவருடைய குழுவினரும் டென்மார்க்கில் ஈறு ஆரோக்கியமாக இருந்த 12 பேரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. திரும்பத் தேய்க்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியானது. அவர்கள் பெரும்பாலும் மாணவர்கள். நம் வீட்டுப் பெரியவருக்கோ பல்லில் ஏற்கெனவே காரை, அதாவது கல்லாக இறுகிய ஊத்தை, படிந்திருக்கும், சர்க்கரை இருக்கும், காய்ச்சலில் எச்சில் வற்றி, மூக்கடைப்பில் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். கிருமியைக் கழுவித் தள்ளுவதே எச்சில்தான். அது வற்றிவிட்டால் ஈறு சீக்கிரம் கெடும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் உண்டாகும் ஆழமான பள்ளங்களில் ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்களும் தங்கியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் வீட்டில் நம் கைக்கு எட்டுவது பல்லில் படியும் அந்தக் கிருமிப் படலம், அதாவது ஊத்தைதான். அதை எடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

ஈறோடு போகிற விஷயமும் இல்லை இது. ஃப்ளூ, கோவிட் போன்றவை நுரையீரலைப் பலவீனமாக்கியிருக்கும் நேரத்தில், தூக்கத்தில் வாய்க் கிருமிகள் எச்சிலோடு மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியா வரலாம். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருடம் நடத்திய ஓர் ஆய்வு 1999-இல் வெளிவந்தது. வாய்ப் பராமரிப்பு தந்த பிரிவில் 11 சதவீதம் பேருக்கும், தராத பிரிவில் 19 சதவீதம் பேருக்கும் நிமோனியா வந்தது. இந்தக் கணக்கைச் சொன்னதும் "தினமும் நானே தேய்ச்சு விடுறேன் சிஸ்டர்" என்று முன்வந்த மருமகள்கள் உண்டு.

சரி, எப்படிச் செய்வது? முதலில் உட்கார வைக்க வேண்டும். முதுகுக்கு இரண்டு மூன்று தலையணை வைத்து, தாடை சற்றுக் கீழே பார்க்கிற மாதிரி. உட்கார முடியாதவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கன்னத்துக்கு அடியில் துண்டு விரியுங்கள். மல்லாக்கப் படுத்திருக்கிறவர் வாயில் தண்ணீரோ பேஸ்டோ வைக்கவே கூடாது, புரையேறும். நீங்கள் மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். இருமுகிறவரின் வாய்க்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டுதானே வேலை செய்யப் போகிறீர்கள்.

உதட்டில் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தொட்டுத் தடவுங்கள். காய்ந்த உதட்டை அப்படியே விரித்தால் ஓரம் வெடித்து ரத்தம் வரும். அப்புறம் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் கஞ்சி மட்டும் குடித்துப் படுத்திருந்தவரின் மேலண்ணத்தில் பழுப்பாக ஓர் ஏடு ஒட்டியிருக்கும். கஞ்சி, சளி, தோல் எல்லாம் சேர்ந்து காய்ந்தது அது. அதை உரிக்கக் கூடாது. காஸ் துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, விரலில் சுற்றி அதன் மேல் ஒற்றி வைத்து ஊற விடுங்கள். ஊறியதும் உள்ளிருந்து வெளியே பார்த்து மெதுவாக வழித்தால் தானாகச் சுருண்டு வந்துவிடும். தொண்டைப் பக்கம் விரல் போனால் குமட்டும், பாதி அண்ணத்தோடு நிறுத்துங்கள். பஞ்சு வேண்டாம், இழை பிரிந்து வாயில் ஒட்டிக்கொள்ளும்.

பல்லுக்கு மிக மென்மையான பிரஷ், பட்டாணி அளவு பேஸ்ட். பிரஷைப் பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்து, இருந்த இடத்திலேயே சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். பல்லின் நடுப்பகுதியை மட்டும் பளபளவென்று தேய்த்துவிட்டு ஈறோரத்தை விட்டுவிடுவதுதான் பொதுவாக நடக்கிறது. "ஈ காட்டுங்க தாத்தா, இப்ப ஆ காட்டுங்க" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய்தால் ஒத்துழைப்பார்கள். ரத்தம் கொஞ்சம் கசிந்தால் அந்த இடத்தை விட்டு விலகாதீர்கள், வீங்கிய ஈறு சுத்தமானால்தான் கசிவு நிற்கும். துப்பத் தெரியாதவருக்குப் பேஸ்டைத் தொட்டும் தொடாமலும் வைத்துத் தேய்த்து, காஸ் துணியால் துடைத்து எடுத்தால் போதும். காலையில் ஒரு முறை, இரவு தூங்கும் முன் ஒரு முறை. ஒரு வேளைதான் முடியும் என்றால் இரவை விடாதீர்கள்.

சிக்குன்குனியா வந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். காய்ச்சல் போனாலும் விரல் மூட்டு வீக்கம் வாரக்கணக்கில் நிற்கும், பிரஷ் காம்பைப் பிடிக்கவே முடியாது. நான் பார்த்த ஒரு அப்பாயி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிரஷை வைத்துத் தேய்க்கப் பார்த்துவிட்டு, கண்ணில் தண்ணீரோடு கீழே வைத்துவிட்டார். மற்றவர் வாயில் கை விடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. சைக்கிள் கடையில் ஹேண்டில் பார் கிரிப் ஒன்று வாங்கி, உள்ளே துணியைத் திணித்துப் பிரஷ் காம்பைச் செருகிக் கொடுத்தோம். பிடி தடிமனானதும் விரலை முழுக்க மடக்காமலேயே பிடிக்க வந்தது. தன் பல்லைத் தானே தேய்த்துக்கொள்வது பெரியவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்த முகத்தில் பார்த்தேன்.

கொப்பளிக்க முடிந்தவருக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு போதும். டாக்டர் சொல்லியிருந்தால் கிருமியைக் கொல்லும் வாய் கொப்பளிக்கும் மருந்தான 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் 10 மில்லி, காலை மாலை. பேஸ்ட் போட்டுத் தேய்த்த உடனே அதைக் கொப்பளித்தால் வேலை செய்யாது, அரை மணி நேரம் விடுங்கள். டாக்டர் சொன்ன நாளோடு நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் பல் கறுக்கும், நாக்கு ருசி மாறும். படுக்கையில் இருப்பவருக்கு எண்ணெய்க் கொப்பளிப்பு வேண்டவே வேண்டாம், எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் ஆபத்து. ஈறு வலிக்கிறது என்று ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் அடக்கி வைப்பதும், லவங்க எண்ணெயை அப்படியே தடவுவதும் தோலைப் பொசுக்கிவிடும். சொரசொரப்பான பற்பொடியும் புகையிலைப் பொடியும் கூடாது.

பல்செட் போடுகிறவர் என்றால் இரவில் கட்டாயம் கழற்ற வேண்டும். காய்ச்சலில் அசந்து தூங்குகிறார் என்று அதோடு விட்டுவிடுகிறோம். பல்செட்டோடு தூங்குகிறவர்களுக்கு நிமோனியா அதிகம் வருவதை 85 வயதைக் கடந்தவர்களிடம் ஜப்பானில் பார்த்திருக்கிறார்கள். கழற்றி, பிரஷால் தேய்த்து, பச்சைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். வெந்நீர் பட்டால் வளைந்துவிடும்.

வாய் காய்ந்திருந்தால் அடிக்கடி ஒரு வாய் தண்ணீர். சளிக்குக் கொடுக்கும் செட்டிரிசின் மாதிரி மாத்திரைகளும் வாயை இன்னும் உலர்த்தும். இருமல் சிரப்பும் சர்க்கரை போட்ட கஞ்சியும் ஈறு இறங்கிய பல்வேரில் தங்கினால் சொத்தை விழும், குடித்ததும் தண்ணீர் கொடுங்கள். இன்ஹேலர் இழுத்தாலும் வாய் கொப்பளிக்க வேண்டும்.

இனி, தேய்த்துச் சரிசெய்ய முடியாதவை. டெங்கு காய்ச்சலில் ஈறிலிருந்து தானாக ரத்தம் வருவது எச்சரிக்கை அறிகுறி. அதிலும் காய்ச்சல் இறங்கும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரைதான் கவனமாக இருக்க வேண்டிய காலம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கொடுக்காதீர்கள். இதயத்துக்கு ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவர் என்றால் அதையும் அங்கேயே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அடுத்தது அக்கி. முகத்தில் ஒரு பக்கம் மட்டும் எரிச்சலும் பல்வலியும் வந்து, ஓரிரு நாளில் அதே பக்கக் கன்னத்திலும் வாய்க்குள்ளும் கொப்புளம் கிளம்பும். சின்ன வயதில் வந்த சின்னம்மை வைரஸ் நரம்பில் தங்கியிருந்து மறுபடி எழும்புவதுதான் இது. நம் பக்கம் அக்கி எழுதக் கூட்டிப் போவார்கள். காவி பூசுகிற பெரியவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் வைரஸை அடக்கும் மாத்திரையைக் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். முதலில் டாக்டர், அதற்குப் பிறகு உங்கள் விருப்பம். 50 வயதுக்கு மேல் போடக்கூடிய அக்கித் தடுப்பூசி இப்போது இந்தியாவில் கிடைக்கிறது, விலை அதிகம்தான், கேட்டுப் பாருங்கள்.

கோவிட்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறியிருக்கும் ஒருவருக்கு ஒரு பக்கம் பல்வரிசையே ஆடினால், மேலண்ணம் கறுத்தால், கன்னம் மரத்தால் ஒரு இரவு கூடத் தாமதிக்காதீர்கள். 2021 மே மாதம் தமிழக அரசு, கண்டதும் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகச் சேர்த்த கருப்புப் பூஞ்சை பல பேருக்கு இப்படித்தான் தொடங்கியது.

காய்ச்சல் முழுக்க விட்டு, இரண்டு வாரம் ஒழுங்காகத் தேய்த்தும் ஈறில் ரத்தம் நிற்கவில்லை என்றால் பல் டாக்டரிடம் போங்கள். "கிளீன் பண்ணினா பல்லு ஆடும்" என்று பயப்படுகிறார்கள். காரை அடைத்திருந்த இடம் காலியானதும் இடைவெளி தெரிகிறது, அவ்வளவுதான். பல்லை ஆட வைப்பது காரைக்கு அடியில் எலும்பைக் கரைக்கும் ஈறு நோய். போகும்போது மாத்திரைச் சீட்டு முழுவதையும் எடுத்துப் போங்கள். பிரஷருக்குப் போடும் அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும், ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரையும் பல் டாக்டருக்குத் தெரிய வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு வருடம் ஒரு ஊசி போடுகிறவர் என்றால், பல் பிடுங்கும் பேச்சை எடுக்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.