தினமும் ஓட்டும் காரைத் தாழ்த்துதல்: லோயரிங் ஸ்பிரிங்கா, காயில்ஓவரா?

காரைத் தாழ்த்த விரும்புபவர்கள் பெரும்பாலும் டயருக்கும் ஃபெண்டருக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அந்த இடைவெளி எவ்வளவு குறைய வேண்டும் என்பது அவரவர் விருப்பம். எவ்வளவு குறையலாம் என்பதையோ ஷாக் அப்சார்பரில் மிச்சமிருக்கும் டிராவல்தான், அதாவது அது இன்னும் அமுங்கக்கூடிய தூரம்தான், தீர்மானிக்கிறது. மதுரையில் திருநகரிலிருந்து மாட்டுத்தாவணிக்கு நாள்தோறும் சென்றுவரும் என் 2018 மாடல் ஸ்விஃப்டில் இந்த வேலையை முடித்த பிறகு, நான் பின்பற்றிய வரிசையிலேயே இதை எழுதுகிறேன். ஜாக்கி வைப்பதும் சக்கரம் கழற்றுவதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

லோயரிங் ஸ்பிரிங் என்பது கம்பெனி ஸ்பிரிங்கைவிடக் குட்டையாகவும் சற்று விறைப்பாகவும் இருப்பது. ஷாக் அப்சார்பர் பழையதே தொடரும். காயில்ஓவர் என்பது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக அமைத்து, மரை போட்ட உடலில் உயரத்தை ஏற்றி இறக்கும் வசதியுடன் வரும் முழு செட். இரண்டையும் விலையில் மட்டும் ஒப்பிடுவது போதாது.

படி 1: உங்கள் வழியை அளந்து பாருங்கள்

2018 ஸ்விஃப்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் (காரின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி) 163 மி.மீ., வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) 2,450 மி.மீ. இந்தியச் சாலைப் பேரவையின் ஐ.ஆர்.சி. 99 விதிப்படி அமைந்த வேகத்தடை 3.7 மீட்டர் நீளமும் 10 செ.மீ. உயரமும் 17 மீட்டர் ஆரமும் கொண்டது. அது வீல்பேஸைவிட நீளமானது என்பதால் முன், பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் அதன் மேல் நிற்கும். அப்போது இரு சக்கரங்களுக்கும் நடுவே தரை ஏறத்தாழ 44 மி.மீ. மட்டுமே மேலெழும். 35 மி.மீ. தாழ்த்திய காரும் அதை எளிதாகக் கடந்துவிடும். சிக்கல் தருவது நம் தெருக்களில் அவரவர் வீட்டு வாசலில் போட்டுக்கொண்ட குறுகிய, செங்குத்தான மேடுகள்தான். ஓரடி அகலத்தில் 10 செ.மீ. உயரமுள்ள மேடு காருக்கு அடியில் வரும்போது முழு 100 மி.மீட்டரையும் விழுங்கிவிடும். 128 மி.மீட்டருக்குத் தாழ்ந்த காரில் மிச்சம் 28 மி.மீ. மட்டுமே, பின்சீட்டில் மூவர் அமர்ந்தால் அதுவும் இராது. ஆகவே உங்கள் தெருவில் உள்ள மிக மோசமான மேட்டை இன்ச் டேப்பால் அளந்து எழுதிக்கொண்ட பிறகு கடைக்குச் செல்லுங்கள்.

படி 2: மிச்சமுள்ள டிராவலை அளத்தல்

எனக்குப் புரிவதற்கு மிக அதிக நேரம் எடுத்த படி இதுதான். ஆகவே விரிவாகவே சொல்கிறேன். தேவைப்படுவது ஒரு மெல்லிய கேபிள் டை மட்டுமே.

காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, முன் ஸ்டிரட்டின் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக அமைந்த தூண்) டஸ்ட் கவரை மேலே தள்ளினால் பளபளக்கும் ஷாஃப்டும், அதன் மேல்பக்கம், ஷாக் முழுதும் அமுங்கி மோதாமல் தாங்கும் ரப்பர் போன்ற பம்ப் ஸ்டாப்பும் தெரியும். ஷாஃப்டின் அடியில், ஷாக்கின் உடலைத் தொட்டவாறு கேபிள் டையை மாட்டுங்கள். விரலால் தள்ளினால் நகர வேண்டும், தானாக நழுவக் கூடாது என்ற அளவுக்கு இறுக்கி, வாலை வெட்டிவிடுங்கள். ஷாஃப்டைக் கட்டிங் பிளேயரால் பிடிக்கவே கூடாது. மெல்லிய கீறல் விழுந்தாலும் ஆயில் சீல் போய்விடும்.

இப்போது சக்கரத்தை மாட்டி, காரை மெதுவாகத் தரையில் இறக்குங்கள். காரின் எடையில் ஷாக் அமுங்கும்போது அதன் உடல் டையை மேலே தள்ளிக்கொண்டு போய் நிறுத்தும். மறுபடி தூக்கினால் ஷாஃப்ட் நீளும், டை மட்டும் அதே இடத்தில் நிற்கும். டைக்கும் பம்ப் ஸ்டாப்பின் கீழ்முனைக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கார் நிற்கும்போது உள்ள டிராவல் அதுவே. பிறகு காரை இறக்கி, வழக்கமான ஆட்களுடன், வழக்கமான வேகத்தில், வழக்கமான வழியில் ஒருமுறை சென்று வாருங்கள். நான் வேண்டுமென்றே பழங்காநத்தம் வழியாகச் சென்றேன். திரும்பி வந்து மறுபடி அளந்தால் தூரம் குறைந்திருக்கும். அந்த இரண்டாவது எண்ணே உங்கள் கையிருப்பு.

எடுத்துக்காட்டாக, முதல் அளவு 55 மி.மீ., இரண்டாவது 20 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாமல் 35 மி.மீ. தாழ்த்தினால், அதே பள்ளத்தில் பம்ப் ஸ்டாப் 15 மி.மீ. நசுங்கும். பெரிய பள்ளத்தில் எப்போதாவது பம்ப் ஸ்டாப் தொடுவது குறையன்று. அதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு மேட்டிலும் தொட்டால்தான் வண்டி குதிரைபோல் துள்ளும், ஷாக்கும் விரைவில் செத்துப்போகும். பம்ப் ஸ்டாப்பை மொத்தமாகக் கழற்றிவிடச் சொல்பவர்களின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள்.

படி 3: குடும்பத்தின் எடை

பின்பக்கம் இரு சக்கரங்களுக்கும் சேர்த்து 200 கிலோ கூடுகிறது என்றும், ஒவ்வொரு சக்கரத்திலும் உணரப்படும் விறைப்பு மி.மீட்டருக்கு 2 கிலோ என்றும் கொண்டால், கார் 50 மி.மீ. அமுங்கும். விறைப்பு 2.5 கிலோவானால் 40 மி.மீ. அமுங்கும். அதாவது கால் பங்கு கூடுதல் விறைப்பான ஸ்பிரிங் உங்களுக்குத் திருப்பித் தருவது 10 மி.மீ. மட்டுமே, தாழ்த்தியதால் இழந்ததோ 35 மி.மீ. குடும்பத்துடன் அழகர்கோவிலுக்கும் உசிலம்பட்டிக்கும் அடிக்கடி செல்பவர் இந்தக் கணக்கைப் போடாமல் ஸ்பிரிங் வாங்கக் கூடாது.

படி 4: எதைத் தேர்ந்தெடுப்பது

தேவை 25 மி.மீ. அளவே, ஷாக்கில் எண்ணெய்க் கசிவு இல்லை, கையிருப்பும் போதிய அளவு உள்ளது என்றால், நல்ல நிறுவனத்தின் லோயரிங் ஸ்பிரிங்கே தினசரி ஓட்டத்துக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. ஷாக் ஏற்கனவே தேய்ந்திருந்தால், விறைப்பான ஸ்பிரிங்கின் எழுச்சியை அதனால் அடக்க முடியாது. மேம்பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் வண்டி இருமுறை ஆடும். அப்போது தாழ்ந்த ஸ்பிரிங்குக்கென்றே குட்டையாகச் செய்யப்படும் பில்ஸ்டைன் பி8 போன்ற ஷாக் உங்கள் மாடலுக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

உயரத்தைப் பிறகு மாற்ற விரும்புபவருக்கும், ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகச் செலவிடத் தயாராக இருப்பவருக்கும் காயில்ஓவர் பொருந்தும். எல்லாக் காயில்ஓவரிலும் டேம்பிங்கை (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை ஷாக் அடக்கும் அளவு) மாற்ற முடியாது: கே.டபிள்யூ. நிறுவனத்தின் வேரியன்ட் 1-இல் அது நிலையானது, வேரியன்ட் 2-இல் ரீபவுண்டை (ஷாக் நீளும்போது உள்ள டேம்பிங்) மட்டும் மாற்றலாம், வேரியன்ட் 3-இல் கம்ப்ரஷனையும் (அமுங்கும்போது உள்ளது) மாற்றலாம். தினசரி காருக்கு முதலாவதே போதும். ஸ்டிரட்டைக் காரின் உடலோடு இணைக்கும் மேல் மவுண்ட் ரப்பரில் இருப்பதையே வாங்குங்கள். இரும்புப் பந்து மவுண்ட் நம் புழுதியில் விரைவில் தட்டத் தொடங்கும். மிக மலிவான காயில்ஓவரைவிட நல்ல ஸ்பிரிங் எப்போதும் மேல்.

கம்பெனி ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது இந்தத் தேர்வுக்குள்ளேயே வராது. வெட்டிய முனை, ஸ்பிரிங் அமரும் தட்டான அதன் இருக்கையில் சரியாக அமராது. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம்மாறி விழவும் கூடும்.

படி 5: மாட்டும்போது

ஸ்டிரட்டின் மேல் நட்டை இம்பாக்ட் கன்னால் கழற்ற விடாதீர்கள். ஷாஃப்ட் சுழன்று சீல் கெடும். ஸ்பிரிங் கம்ப்ரஸரை எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, கைக்கருவியால் மாறி மாறி இறுக்குவதே பாதுகாப்பானது. லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடியில் காரோடு இணைக்கும் கை) புஷ் போல்ட்டுகளைக் கழற்றியிருந்தால், காரின் எடை சக்கரத்தில் நிற்கும்போது மட்டுமே, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ்ஷின் ரப்பர் நாள் முழுதும் முறுக்கிக்கொண்டே இருந்து சில மாதங்களில் கிழிந்துவிடும்.

ஸ்பிரிங் படிய சில நாள்கள் ஓட்டிய பின் அலைன்மென்ட் பாருங்கள். டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) சரியில்லாவிட்டால் டயரின் உள்விளிம்பு தேய்வது வெளியிலிருந்து கண்ணுக்கே தெரியாது. ஹெட்லைட் உயரத்தையும் அப்போதே சரிசெய்யுங்கள். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52ஆம் பிரிவு வாகனத்தில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே வாங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள், பழைய ஸ்பிரிங்குகளைப் பத்திரமாக வையுங்கள்.

பின்சேர்க்கை: காயில்ஓவர் செட்டில் பின்பக்கத்தில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியாக இருக்கின்றனவே, தவறான செட்டை அனுப்பிவிட்டார்களா என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். ஸ்விஃப்ட், போலோ, ஐ20 போன்ற கார்களின் பின்பக்கம் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) அமைப்பு என்பதால் அது அப்படித்தான் வரும். உயரம் மாற்றும் மரை ஸ்பிரிங்கின் இருக்கையில் இருக்கும்.

இன்னொருவர், மரையைச் சுற்றி ஸ்பிரிங்கை இறுக்கினால் விறைப்பு கூடுமா என்று கேட்டார். சீரான சுருளுள்ள ஸ்பிரிங்கில் கூடாது. உயரம் மட்டுமே கூடும். மழைக்காலம் தொடங்கும் முன் அந்த மரைகளைப் பிரஷ்ஷால் கழுவி உலரவிட்டு, பிசுபிசுக்காத உலர் லூப்ரிகன்ட் தடவி வையுங்கள். கிரீஸ் தடவினால் புழுதி படிந்து, அடுத்த முறை லாக் நட் அசையாது.