வராத ஒளியை வைத்துக் காந்தப்புலத்தைக் கணக்கிடுவது எப்படி

விண்மீன் மண்டலங்களுக்கு நடுவே, கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாத இடத்தில், காந்தப்புலம் உண்டா? முனைவர் பட்டம் முடித்து ஆய்வுக் குழுவில் சேர்ந்ததும் என் கைக்கு வந்த கேள்வி இது. நீங்களும் இதில் இறங்குவதாக இருந்தால், 1இஎஸ் 0229+200 என்ற ஒரே ஒரு பிளேசாரில் (தன் தாரையை நம்மை நோக்கிப் பாய்ச்சும் விண்மீன் மண்டல மையம்) தொடங்குங்கள். அதன் தொலைவைக் காட்டும் சிவப்புப் பெயர்ச்சி 0.14. நமீபியாவில் உள்ள ஹெஸ் தொலைநோக்கிகள் அதன் காமா கதிர்களை 10 டெராஎலக்ட்ரான்வோல்ட் வரை பிடித்திருக்கின்றன.

கணினியைத் திறக்காதீர்கள். முதலில் தாளில் போடுங்கள். 10 டெராஎலக்ட்ரான்வோல்ட் ஃபோட்டான் (ஒளித்துகள்) ஒன்று வழியில் விண்மீன்கள் காலங்காலமாக உமிழ்ந்த ஒளியோடு மோதி, எலக்ட்ரான், பாசிட்ரான் இணையாகிறது. ஆளுக்கு 5 டெரா. அவை பெருவெடிப்பின் மிச்சமான நுண்ணலைப் பின்னணியின் ஃபோட்டானை உதைத்தால் அது சுமார் 80 கிகாஎலக்ட்ரான்வோல்ட் ஆகிறது. ஃபெர்மி செயற்கைக்கோள் நன்றாகப் பார்க்கும் இடம் அது! காந்தப்புலம் இல்லையென்றால் அந்த ஒளி நம்மிடம் வந்தே தீர வேண்டும். வரவில்லை என்றால், ஏதோ ஒன்று அந்த இணையைத் திருப்பிவிட்டது. நெரோனோவும் வோவ்க்கும் 2010-இல் இப்படித்தான் 3×10⁻¹⁶ காஸ் (காந்தப்புலத்தின் அலகு) என்ற கீழ் எல்லையைச் சொன்னார்கள். எனக்கு இன்றும் சிலிர்க்கும் வாதம் இது.

சரி, தரவு. ஃபெர்மியின் தரவு எல்லாருக்கும் இலவசம். உச்சிக்கோணம் (தலைக்கு நேர் மேலிருந்து விலகும் கோணம்) 90 பாகையைத் தாண்டியதை வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் பூமியின் விளிம்பிலிருந்து வரும் காமா கதிர்கள் கலந்துவிடும். அப்புறம் சிஆர்ப்ரோபா போன்ற நிரலில் இணைகளை ஓடவிடலாம்.

ஹெஸ் நிறமாலையின் தரவுப் புள்ளிகளை எடுக்கும்போது மட்டும் நிதானம் வேண்டும். வழியில் உறிஞ்சப்பட்டதை ஏற்கெனவே திருத்திய புள்ளிகள் ஒரு கோப்பில் இருந்தன. தெரியாமல் நான் மறுபடியும் திருத்தினேன். மூலத்தின் நிறமாலை உயர் ஆற்றலில் தறிகெட்டு ஏறியது, இணைகள் உண்டாக்கும் இரண்டாம் ஒளி பெருகியது, எல்லையும் உயர்ந்தது. மூன்று வாரம் அந்த எண்ணை நம்பிக்கொண்டிருந்தேன். கோப்பின் தலைப்பு வரிகளை முதலில் படியுங்கள்.

அதைவிட முக்கியம், அந்த மூலம் எவ்வளவு காலமாக எரிகிறது என்ற அனுமானம். திரும்பிய ஒளி சுற்றி வருவதால் தாமதமாகத்தான் வரும். நாம் பார்த்த சில ஆண்டுகள் மட்டுமே எரிந்தது என்று வைத்தால், ‘வரவில்லை’ என்பது ‘இன்னும் வரவில்லை’ ஆகிவிடும். 2011-இல் டெர்மர் குழு இதைக் கணக்கில் எடுத்தபோது எல்லை 10⁻¹⁸ காஸ் அளவுக்கு இறங்கியது. ஃபெர்மியின் தரவு சேரச் சேர நிலைமை மாறியது. 2023-இல் ஹெஸ், ஃபெர்மி குழுக்கள் சேர்ந்து, 10 ஆண்டு எரிந்தது என்று மட்டும் வைத்தே, 1 மெகாபார்செக் (சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு) ஒத்திசைவு நீளத்துக்கு, அதாவது புலம் ஒரே திசையில் நீடிக்கும் தூரத்துக்கு, 7.1×10⁻¹⁶ காஸ் என்றன. இணைகளின் ஆற்றலை, வழியிலுள்ள மின்னூட்ட வாயுவில் எழும் பிளாஸ்மா அலைகள் முன்பே பிடுங்கிவிடுமா என்ற சர்ச்சை தனி. அது உண்மையென்றால் இந்த வாதமே ஆட்டம் காணும்.

அதனால் குழுவிடம் ஒற்றை எண்ணைக் கொண்டுபோகாதீர்கள். எரிந்த காலம் 10 ஆண்டு முதல் 1 கோடி ஆண்டு வரை கிடைமட்ட அச்சில், எல்லை செங்குத்தில். அந்த ஒரு வரைபடம் போதும்.