பாடம் தேர்வு செய்யும் முன் வேலை விளம்பரத்தைப் படியுங்கள்

எந்தப் பாடம் எடுத்தால் வேலை கிடைக்கும் என்று நாலு பேரிடம் கேட்பதற்கு முன், வேலை விளம்பரங்களில் 'கல்வித் தகுதி' பகுதியை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். மருத்துவம், செவிலியம், மருந்தியல் போன்றவற்றில் அதற்குரிய படிப்பு இல்லாமல் உரிமமே கிடைக்காது. அங்கே பேச்சுக்கே இடமில்லை. விற்பனை, விளம்பரத் துறைகள் பக்கம் போனால் பெரும்பாலும் 'ஏதேனும் ஒரு பட்டம்' என்றுதான் போட்டிருப்பார்கள்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவற்றில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். உளவியல் இளநிலை முடித்த கையோடு சிகிச்சை உளவியலாளர் ஆகிவிட முடியாது. மேற்படிப்பு வேண்டும், மேற்பார்வையில் பயிற்சி வேண்டும். அந்தச் செலவையும் ஆண்டுகளையும் இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள். புள்ளியியல் படித்தவர்களுக்குக் காப்பீடு, வங்கி, தரவுப் பகுப்பாய்வு என்று வாய்ப்புகள் அதிகம். ஆனால் வேலை விளம்பரத்தில் எஸ்கியூஎல் (தரவுத்தளத்திலிருந்து தகவலை எடுக்கும் கணினி மொழி), பைத்தான் (நிரல் எழுதும் மொழி) என்று கூடவே ஒரு வரி இருக்கும்.

சரி, ஏற்கெனவே சேர்ந்தாகிவிட்டதா? அந்த விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வரும் திறன் ஒன்றை விருப்பப் பாடமாக எடுங்கள். இறுதியாண்டு ப்ராஜெக்டையும் அதிலேயே செய்யுங்கள். புதிதாகப் படிப்பை முடித்து வருபவரிடம் நேர்முகத் தேர்வில் துருவித் துருவிக் கேட்பது பெரும்பாலும் அந்த ப்ராஜெக்டைப் பற்றித்தான்.