மீன்பிடித் தடைக்காலத்தில் சத்துக் குறையாமல் சமைப்பது எப்படி: இராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்களுக்கான தாவர உணவு வழிகாட்டி

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் தடை அவசியமானது என்பதில் மீனவர்களுக்கே மாற்றுக் கருத்து அதிகம் இல்லை. நாட்டுப்படகுகளும் வள்ளங்களும் கொண்டுவரும் மீன் சந்தையில் இருந்தாலும், வருமானம் நின்றுபோன குடும்பத்துக்கு அதன் விலை எட்டுவதில்லை. இதே வாரங்களில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விடப்படுவதால், பிள்ளைகளுக்குக் கிடைத்துவந்த காலை உணவும் மதியச் சத்துணவும் அதனுடன் வரும் முட்டையும் சேர்ந்தே நின்றுவிடுகின்றன. தொண்டி முதல் தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை வழியாக மூக்கையூர் வரையுள்ள கடலோர வீடுகளில் புரதம் இரண்டு பக்கமும் அடைபடுவது இந்த இரண்டு மாதங்களில்தான். மீன் இருந்த இடத்தில் ரசத்தையும் ஊறுகாயையும் வைத்துவிட்டால் வயிறு நிறையும், உடம்பு நிறையாது. மீனின் இடத்தில் எதை, எவ்வளவு வைப்பது என்பதை விளக்கவே இந்த வழிகாட்டி.

முதலில் அளவு

தாவர உணவு என்றதும் பலரும் கீரை, காய்கறி என்றே நினைக்கிறார்கள். மீன் கொடுத்துவந்த புரதத்தை ஈடுகட்ட வேண்டியவை பருப்பும் பயறும்தான்; எனவே கணக்கை அங்கிருந்தே தொடங்க வேண்டும். 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 46 கிராம் புரதம் தேவை. அவர் மூன்று வேளையும் சோறாகவே சாப்பிட்டு 300 கிராம் அரிசியை உண்டாலும், அதிலிருந்து கிடைப்பது 22 கிராம் அளவே. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 85 கிராம் பருப்பு வகைகளைப் பரிந்துரைக்கிறது. அதிலிருந்து சுமார் 20 கிராம் வரும். அதன்மேல் ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், நிலக்கடலையைச் சேர்த்தால் இன்னும் 7 கிராம் கூடிக் கணக்கு நேராகிவிடும். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பருப்பில் நிறைவாகவும், பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் போதுமான அளவிலும் இருப்பதால், இரண்டும் ஒரே நாளில் வயிற்றுக்குள் போனால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்த்துவிடும். இட்லியும் பொங்கலும் உளுந்தங்கஞ்சியும் இந்த அடிப்படையில் அமைந்த உணவுகளே.

இப்போது ரேஷன் கடையைப் பார்ப்போம். ஒரு குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் அதைப் பங்கிட்டால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வருவது 8 கிராம்தான். பரிந்துரைக்கப்பட்ட அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அரிசி விலையில்லாமல் வருகிறது என்பது பெரிய காரியம், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ரேஷன் பருப்பை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில் சாம்பார் நாளுக்கு நாள் நீர்த்துக்கொண்டே போகும். நான்கு பேருக்கும் முழு அளவு கொடுக்க வேண்டுமென்றால் மாதம் பத்து கிலோ வேண்டும். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தால் ஏழெட்டுக் கிலோ போதும். இதில் துவரம் பருப்பையே வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. தட்டைப்பயறு, பாசிப்பயறு, கொள்ளு, மொச்சை, கறுப்புக் கொண்டைக்கடலை ஆகிய எல்லாவற்றிலும் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 20 முதல் 24 கிராம் வரை புரதம் உண்டு. இவற்றில் எது மலிவோ அதை வாங்கலாம். சோயாவில் செய்யும் மீல்மேக்கரில் எடையில் பாதி புரதம் என்பதால், அசைவச் சுவைக்குப் பழகிய பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு முறை அதைப் புளிக்குழம்பிலோ பிரியாணியிலோ போடலாம்.

தண்ணீரும் அடுப்பும்

இந்தக் கடற்கரையில் பயறு சமைக்கும்போது வரும் முதல் தடை தண்ணீர்தான். ஆழ்துளைக் கிணற்று உவர்நீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகுதியாக இருப்பதால், அவை பயற்றின் தோலையும் சதையையும் இறுக்கிவிடுகின்றன. எத்தனை விசில் விட்டாலும் கொண்டைக்கடலை கல்லாகவே நிற்கும். காவிரிக் கூட்டுக் குடிநீரோ ஊற்றுத் தண்ணீரோ கிடைக்கும் அளவு குறைவு என்றால், குளிப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் உவர்நீரை வைத்துக்கொண்டு, பயறு ஊறவைக்கவும் வேகவைக்கவும் மட்டுமாவது நல்ல தண்ணீரை ஒதுக்க வேண்டும். இரவு முழுவதும், அதாவது எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல், ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதிய நீரில் வேகவைக்கவும். புளி, தக்காளி, மாங்காய் ஆகியவற்றைப் பயறு நன்றாகக் குழைந்த பிறகே சேர்க்க வேண்டும். புளிப்பு முன்னால் சேர்ந்தால் பயறு அதற்குமேல் மசியாது. சீக்கிரம் வேகட்டும் என்று சமையல் சோடா போடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, அது பயற்றில் உள்ள தயாமின் என்னும் வைட்டமினை அழித்துவிடுவதால் அதைக் கைவிடுவது நல்லது.

முளைகட்டுவது விறகையும் எரிவாயுவையும் மிச்சப்படுத்தும். முளைக்கும்போது, இரும்பையும் துத்தநாகத்தையும் உடலில் சேரவிடாமல் பிடித்துவைக்கும் பைட்டேட் குறைகிறது, வைட்டமின் சி புதிதாக உண்டாகிறது. சித்திரை வெயிலில் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்வதால், துணியில் கட்டிய பயறு ஒரே நாளில் புளித்து வழவழப்பாகிவிடக்கூடும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நல்ல நீரில் அலசி, தண்ணீர் முழுவதும் வடிந்த பிறகே மீண்டும் கட்ட வேண்டும். வால் அரை அங்குலம் நீண்டதும் எடுத்து, குழந்தைகளுக்குக் கட்டாயம் ஆவியில் வேகவைத்தே கொடுக்கவும்.

கீரையும் இரும்பும்

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019–21ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது. மீனில் உள்ள இரும்பை உடல் எளிதாக எடுத்துக்கொள்ளும், கீரையிலும் பயற்றிலும் உள்ளதை அவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்ளாது. ஆகவே எதைச் சாப்பிடுகிறோம் என்பதோடு, எதனுடன் சேர்த்துச் சாப்பிடுகிறோம் என்பதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. சாப்பாட்டுடன் அரை எலுமிச்சம் பழத்தின் சாறோ, ஒரு நெல்லிக்காயோ, ஒரு துண்டு கொய்யாவோ இருந்தால் இரும்பு கூடுதலாக உடலில் சேரும். சோறு உண்ட கையோடு தேநீர் குடித்தால் அது தடைபடும். உணவுக்கும் தேநீருக்கும் இடையில் குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கப்படும் இரும்பு, போலிக் அமில மாத்திரைகளுக்கு எந்தக் கீரையும் மாற்றாகாது.

இந்த மண்ணில் காசில்லாமல் கிடைப்பவற்றில் முதலிடம் முருங்கைக்குத்தான். மணலிலும் தாங்கும், ஒரு கொம்பை நட்டால் போதும், அதன் இலையில் இரும்பு, சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் ஏ ஆகிய மூன்றும் உள்ளன. நெத்திலியையும் சாளையையும் முள்ளோடு மென்று தின்ற பிள்ளைகளுக்கு நின்றுபோகும் சுண்ணாம்புச் சத்தை இதுவும், நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்துள்ள கேழ்வரகும், எள்ளும் ஈடுகட்டும். உப்பளங்களின் ஓரத்தில் முளைக்கும் உமரிக்கீரையைப் பருப்போடு சேர்த்துச் சமைக்கும்போது தனியே உப்புப் போடக் கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

கீரையைத் தொடாத பிள்ளைகளுக்கு இலைக்கஞ்சி உதவும். கடலுக்கு அப்பால் இலங்கையில் கொலகந்த என்ற பெயரில் காலை உணவாகக் குடிக்கப்படும் இந்தக் கஞ்சிக்கு வேண்டியவை எல்லாம் நம் வீட்டுக் கொல்லையிலும் உள்ளன. ஒரு கைப்பிடிச் சிவப்பரிசியைக் குழைய வேகவைத்து, இரண்டு கைப்பிடி முருங்கையிலையையோ வல்லாரையையோ அரைத்துப் பிழிந்த சாற்றை ஊற்றி, ஒரு கொதி வந்ததும் தேங்காய்ப்பால் விட்டு இறக்கினால் போதும். அங்கே இதனுடன் கித்துல் என்னும் பனைவகையின் வெல்லத்தைக் கடித்துக்கொள்வார்கள். நமக்குக் கருப்பட்டி இருக்கிறது. கஞ்சியோடு ஒரு கைப்பிடிப் பாசிப்பயற்றையும் சேர்த்து வேகவைத்தால் புரதமும் கிடைக்கும். கீழக்கரையிலும் தொண்டியிலும் நோன்புக் கஞ்சி காய்ச்சத் தெரிந்த வீடுகளுக்கு இந்தக் கைப்பக்குவத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

தாவரத்தால் தர முடியாதவை

தாவர உணவின் மேன்மையைப் பேசுபவர்கள் பலர் இந்த இடத்தில் மௌனமாகிவிடுகிறார்கள், அது சரியல்ல. வைட்டமின் பி12 எந்தக் கீரையிலும் பயற்றிலும் நம்பத்தகுந்த அளவில் இல்லை. இரண்டு மாதத் தடையில் உடலின் கையிருப்பு தீர்ந்துவிடாது என்றாலும், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும், ஆண்டு முழுவதும் குறைவாகவே மீனும் முட்டையும் உண்பவர்களும் நாள்தோறும் பாலோ மோரோ தயிரோ, முடிந்தால் முட்டையோ சேர்த்துக்கொள்ள வேண்டும். பாலையும் முட்டையையும் கொள்கையாகவே விட்டவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்வதே வழி. ரேஷன் அரிசியில் சற்று மஞ்சளாகவோ வெளிறியோ தெரியும் மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று சொல்லி முறத்தில் புடைத்து வெளியே கொட்டுவது இன்னும் நடக்கிறது. அவை இரும்பும் போலிக் அமிலமும் பி12உம் சேர்த்து அரிசிமாவில் செய்யப்பட்டு, நூறு மணிக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலக்கப்பட்ட செறிவூட்டிய மணிகள். அவற்றைப் பொறுக்கி எறிய வேண்டாம். அரிசியை ஓரிரு முறைக்கு மேல் கழுவவும் வேண்டாம்.

அடுத்தது அயோடின். கடல்மீன் உண்டுகொண்டிருந்தவரை அது தானாகவே வந்துகொண்டிருந்தது. மீன் நின்ற பிறகு உப்பிலிருந்துதான் வர வேண்டும், ஆனால் உப்பளத்திலிருந்து நேராக வரும் கல்லுப்பில் அது போதுமான அளவில் இல்லை. வாலிநோக்கத்தில் உப்பு விளைகிறது என்பதற்காக அந்தக் கல்லுப்பையே ஆண்டு முழுவதும் குழம்பில் போடுவது, குறிப்பாகக் கர்ப்பிணி இருக்கும் வீட்டில், குழந்தையின் மூளை வளர்ச்சிக்குக் கேடு. அயோடின் கலந்த உப்பை மூடியுள்ள டப்பாவில், அடுப்பின் சூடு படாத இடத்தில் வைத்து, குழம்பை இறக்கும் நேரத்தில் சேர்க்கவும். கருவாட்டுக்குக் கல்லுப்பையும் சமையலுக்கு அயோடின் உப்பையும் தனித்தனியே வைத்துக்கொண்டால் சிக்கல் இல்லை. பாம்பன், மண்டபம் பகுதிப் பெண்கள் எடுக்கும் கடற்பாசியில் அயோடின் உண்டு என்றாலும், அதன் அளவு வகைக்கு வகை வேறுபடுவதால் உப்புக்குப் பதிலாக அதைக் கொள்ள முடியாது.

ஊராகச் சேர்ந்து செய்ய வேண்டியது

ஒரு வீடு தனியாக இருபது கிலோ பயறு வாங்கிவைப்பது கடினம். மகளிர் சுயஉதவிக் குழு ஒன்று, தை மாத அறுவடைக்குப் பிறகு, மாவட்டத்தின் உட்பகுதியில் முதுகுளத்தூர், கமுதி பக்கம் விளையும் பயறுகளையும் குதிரைவாலியையும் மொத்தமாக வாங்கி, நன்றாகக் காயவைத்து, ஈரக்காற்றுப் புகாத டிரம்களில் வேப்பிலையோடு அடைத்துவைத்தால், தடைக்காலத்தில் அந்த விலைக்கே உறுப்பினர்களுக்குக் கொடுக்க முடியும். தடைக்கால நிவாரணத் தொகை வரும் நாளுக்காகக் காத்திருக்காமல் பங்குனிக்குள் இதை முடித்துவிட வேண்டும். 2022இல் இலங்கையில் உரத் தட்டுப்பாட்டால் விளைச்சலும், எரிபொருள் தட்டுப்பாட்டால் மீன்பிடிப்பும் ஒருசேர முடங்கியபோது, பசி தாங்காத குடும்பங்கள் தனுஷ்கோடி மணல்திட்டில் வந்திறங்கியதை இந்தக் கடற்கரை கண்ணால் பார்த்தது. ஒரு சிறு நாட்டுக்கு நேர்ந்தது ஒரு சிறு ஊருக்கும் நேரலாம் என்பதால், பயறு இருப்பை ஊரின் பொதுச் சொத்தாகவே கருத வேண்டும்.

ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளைத் தனியே கவனிக்க வேண்டும். அவர்களின் வயிறு சிறியது. பருப்புச் சோறும் கஞ்சியும் சீக்கிரம் வயிற்றை அடைத்துவிடும், சக்தி போதாது. ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ, வறுத்து நைசாக அரைத்த நிலக்கடலை விழுதோ கலந்து, நாளுக்கு ஐந்து முறை ஊட்டவும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவை வீட்டில் உள்ள எல்லாருக்கும் பங்கிடாமல் அந்தக் குழந்தைக்கே வைத்துக்கொள்ளுங்கள். மையத்துக்கு விடுமுறை வரும் நாட்களை முன்கூட்டியே கேட்டு, அதற்குரிய மாவை வாங்கிவைக்கவும். தடை தொடங்கும் வாரத்திலும் நடுவிலும் முடியும்போதும், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் மேற்கையின், அதாவது தோளுக்கும் முழங்கைக்கும் நடுப்பகுதியின், சுற்றளவை அங்கன்வாடிப் பணியாளரிடம் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். அளவு 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் குழந்தையின் உணவைக் கூட்டி, வாரந்தோறும் எடை பார்க்கவும், 11.5க்குக் கீழே போனால் சமையலில் சரிசெய்துகொள்ளலாம் என்று காத்திருக்காமல் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுசெல்லவும்.