தமிழிலேயே எழுதிய செட்டிங்ஸ் கோப்பைப் பைத்தானில் படிப்பது எப்படி

கடைக்கு ரசீது அடிக்கும் சின்ன ஸ்கிரிப்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். செட்டிங்ஸை மாற்றப்போவது நீங்கள் இல்லை, கல்லாவில் இருப்பவர். அவருக்கு ஆங்கிலத்தில் கோப்பைக் கொடுத்துத் திணற விடவேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் பைத்தான் 3-இல் கூடவே வரும் கான்ஃபிக்பார்சர் மாட்யூல் தமிழ்த் தலைப்பு, தமிழ்ப் பெயர் எல்லாவற்றையும் படித்துவிடும். கோப்பு இப்படி இருக்கும்:

[ரசீது]
# அச்சு தொடர்பானவை
மொழி = தமிழ்
பிரதிகள் = 2
தள்ளுபடி = 10%
கையொப்பம் = இல்லை

வரியை சமக்குறியில் வெட்டி நாமே படித்துக்கொள்ளலாம் என்று தோன்றும். வேண்டாம். மதிப்புக்குள்ளேயே ஒரு சமக்குறி வரும் நாளில் அது உடையும்.

முதலில் என்கோடிங், அதாவது எழுத்துகளைக் கோப்பில் பதிக்கும் முறை. இந்த மாட்யூலில் ஒரு பார்சரை உருவாக்கி, கோப்பைப் படிக்க அதன் ரீட்டை அழைக்கும்போது என்கோடிங்கை யுடிஎஃப்-8-சிக் என்று கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் விண்டோஸில் தமிழ் சிதைந்துபோகலாம், அல்லது படிக்கும்போதே பிழை வரலாம். வெறும் யுடிஎஃப்-8 ஏன் போதாது என்றால், பழைய நோட்பேட் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை வைத்துச் சேமிக்கும், அதனால் முதல் வரியில் தலைப்பு கண்ணெதிரே இருந்தும் 'தலைப்பே இல்லை' என்று பிழை வரும்.

இன்னொன்று, கோப்பே இல்லாவிட்டாலும் ரீட் வாய் திறக்காது. படிக்க முடிந்த கோப்புகளின் பட்டியலைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். அந்தப் பட்டியல் காலியா என்று பார்த்து, காலி என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அப்புறம், எல்லா மதிப்பும் எழுத்துச் சரமாகத்தான் வரும். பிரதிகளை அப்படியே எடுத்து 3-ஆல் பெருக்கினால் 6 வராது, 222 வரும். மதிப்பை முழு எண்ணாக்கித் தரும் கெட்இன்ட்டைப் பயன்படுத்துங்கள், ஃபால்பேக்காக (மதிப்பு இல்லாதபோது எடுத்துக்கொள்வதாக) 1 கொடுத்துவிட்டால் யாராவது அந்த வரியை அழித்தாலும் ஸ்கிரிப்ட் ஓடும். 2-க்குப் பக்கத்திலேயே # போட்டுக் குறிப்பு எழுதினால் அதுவும் மதிப்போடு ஒட்டிக்கொண்டு கெட்இன்ட் தவறும், அதனால் குறிப்பைத் தனி வரியில் எழுதச் சொல்லுங்கள்.

கையொப்பம் இன்னும் கவனிக்க வேண்டியது. அதை பைத்தானின் பூல் கொண்டு உண்மை அல்லது பொய்யாக மாற்றினால், காலியாக இல்லாத எந்தச் சரமும் உண்மைதான் என்பதால், 'இல்லை' கூட உண்மை ஆகிவிடும். கெட்பூலியன்தான் சரி, ஆனால் அதற்கு ஆங்கில யெஸ், நோ, ஆன், ஆஃப், ட்ரூ, ஃபால்ஸ், 1, 0 மட்டுமே தெரியும். பார்சரின் பூலியன்_ஸ்டேட்ஸ் என்ற அகராதியில் 'ஆம்' உண்மை, 'இல்லை' பொய் என்று நீங்களே மாற்றி எழுதிவிடலாம்.

தள்ளுபடியில் இருக்கும் % குறி? கோப்பைப் படிக்கும்போது ஒன்றும் ஆகாது, அந்த மதிப்பைக் கேட்கும்போதுதான் பிழை வரும், ஏனென்றால் வேறொரு மதிப்பை இழுத்து நிரப்புவதற்கான குறி அது. பார்சரை உருவாக்கும்போதே இப்படி இழுத்து நிரப்பும் இன்டர்போலேஷனுக்கு நன் (None) கொடுத்துவிடுங்கள்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு, இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. 'மொழி'யில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியையும் காலையும் இரண்டாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், பைத்தானுக்கு இரண்டும் வெவ்வேறு. கோப்பில் பெயர் இருந்தும் 'இல்லை' என்று பிழை வந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். பெயர்களைச் சிற்றெழுத்தாக்கும் ஆப்ஷன்எக்ஸ்ஃபார்ம் என்ற இடத்தில், படிப்பதற்கு முன்பே, யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸை என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவம்) அழைக்கும் ஒரு குட்டிச் சார்பை வையுங்கள். கோப்பில் உள்ள பெயரும் நீங்கள் கேட்கும் பெயரும் அதன் வழியாகவே போகும் என்பதால் எப்படித் தட்டியிருந்தாலும் பொருந்திவிடும். தலைப்புகளுக்கு மட்டும் இது பொருந்தாது, அதனால் தலைப்பில் ஒகரம் ஓகாரம் வராமல் 'ரசீது' மாதிரி வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்கிரிப்ட்டிலிருந்து கோப்பைத் திரும்ப எழுதவேண்டாம். ரைட் அழைத்தால் # வரிகள் எல்லாம் போய்விடும், கல்லாக்காரர் தனக்காக எழுதிவைத்த குறிப்புகளும் சேர்த்து.