துரு யார் கணக்கு?

பாம்பன் வீட்டைக் காலி செய்தபோது அட்வான்ஸில் 8,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர். ஜன்னல் கம்பி துருப்பிடித்துவிட்டதாம். உப்புக்காற்றுக்கு நானா பொறுப்பு? ஆனால் குடிவந்த அன்று கம்பி எப்படி இருந்தது என்று காட்ட என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை. 20 ரூபாய்ப் பத்திரத்தில் 11 மாதத்துக்கு எழுதிய காகிதம் மட்டும்தான்.

ராமேஸ்வரத்தில் அடுத்த வீடு. இந்தத் தடவை 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் பழுது அட்டவணையைப் படித்துவிட்டுப் போனேன். வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயின்ட், வயரிங் வீட்டுக்காரர் பாடு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு நம் பாடு. மாடிப்படிக் கைப்பிடியில் பொரிந்து நின்ற துரு, மோட்டார், கரண்ட் மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஒப்பந்தத்தோடு இணைக்க வீட்டுக்கார அக்காவிடம் சொன்னேன்.

"என்ன தம்பி, கோர்ட்டுக்கா போகப்போறோம்?"

"போகாம இருக்கத்தான்க்கா."

அக்காவும் லேசுப்பட்டவரில்லை. ஆதார் நகலோடு பழைய வீட்டுக்காரர் நம்பரையும் வாங்கிப் பேசினார். அந்த மனுஷன், "வாடகை ஒரு மாசம்கூடத் தவறல" என்று சொன்னாராம்! 8,000 பற்றி மூச்சு விடவில்லை.

பிறகு ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்தோம்.

போன வாரம் கொல்லைப்புற கிரில் கையோடு பெயர்ந்து வந்தது. வெல்டரை அக்காவே கூட்டிவந்தார்.